இரண்டு கோயிலும் ஒரு ‘மெர்ஜ்’ஜும்

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்ன பிறகும் ஐயர் பீடத்தை விட்டு இறங்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். வெளியே புரட்டாசி வெயில். தகரக் கூரை சூடேறிப் படக் படக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வயலில் நாற்றுப் பறித்த சேற்றின் வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். இந்த ஐயர் இளவயதுக்காரர். ரொம்ப நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வது மட்டும் அவருக்கு வராது.

“தலைமை அலுவலகத்துலேருந்து வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. அப்படியே படிச்சிடறேன்” என்றார்.

படித்தார். அவர் படித்த வேகத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த தேவசகாயம் சித்தப்பா எழுந்தார். என் அப்பாவின் தம்பி. எங்கள் கோயிலின் மூப்பர்.

“ஐயரே, அந்த மெர்ஜ்ஜுன்னா என்னங்க?”

“இணைப்புங்க. ரோட்டுக் கோயிலும் நம்ம வாய்க்கால் கோயிலும் இணையணும்னு சொல்றாங்க.”

“இணைஞ்சா எந்தக் கோயிலு இருக்கும்?”

ஐயர் தாளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இங்கிலீஷ் டீச்சரே இருக்காங்களே. அவங்க சொல்வாங்க.”

இருபது வருஷத்துக்கும் மேலாக அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனையோ சொற்களுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்வதற்கு முன்னால் என் தெரு ஜனங்கள் மொத்தமும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

ஒரே ஊரில் ஏன் இரண்டு?

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, பஸ் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையோரம் ஓடு போட்ட பெரிய கோயில். அது ரோட்டுக் கோயில். உள்ளே தள்ளி, பாசன வாய்க்காலின் கரையில் எங்கள் தெரு. அங்கே இருப்பது வாய்க்கால் கோயில். இரண்டுக்கும் ஒரே வேதாகமம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே ஐயர். காலையில் முதலில் எங்களுக்கு ஆராதனை நடத்திவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போவார்.

காரணம் தெரியாதவர்கள் ஊரில் யாரும் கிடையாது. என் தாத்தா தலைமுறை பண்ணைகளில் கூலிக்கு இருந்தது. ரோட்டுக் கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால், தரையில்தான் அவர்களுக்கு இடம். நற்கருணைக் கிண்ணம் அவர்களுக்குக் கடைசியில்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பாட்டில் எழுந்து அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாய்க்கால் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பிறகு மண்சுவர். அதன் பிறகு செங்கல், தகரம்.

எங்கள் தலைமுறையில் நிலைமை மாறிவிட்டது. சித்தப்பாவுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் நர்ஸாக, இன்ஜினியராக, போலீஸாக இருக்கிறார்கள். ரோட்டுக் கோயில்காரர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிடுவார்கள். நாங்களும் அங்கே போவோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஊர் இரண்டாகிவிடும். செத்த பிறகும் இரண்டுதான். அவர்கள் கல்லறைத் தோட்டம் சாலையோர மேட்டில். எங்களுடையது வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில்.

இரண்டு பக்கமும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். திருப்பூர், சென்னை, துபாய் என்று இளவட்டங்கள் போய்விட்டார்கள். ஐயர்மாருக்கும் தட்டுப்பாடு. ஒரு ஐயர் எத்தனை ஊர்தான் பார்ப்பார்? அதனால் அலுவலகம் அந்தத் தாளை அனுப்பியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு சேராத ஊர்

மெர்ஜ் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. வகுப்பில் அதை நடத்தியபோது வழக்கமான உதாரணத்தைத்தான் சொன்னேன். ஓர் ஆறும் இன்னோர் ஆறும் சேர்ந்து ஒன்றாவது போல.

ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், நம்ம பக்கம் ஆறு எங்க டீச்சர் சேருது? பிரிஞ்சு பிரிஞ்சுதானே போகுது?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதானே. கல்லணை தாண்டினால் காவிரியின் வேலையே பிரிவதுதான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து, வாய்க்காலாகப் பிரிந்து, வயலுக்கு வயல் மடையாகப் பிரிந்து போகிற தண்ணீரைத்தான் எங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்து உதாரணம் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை.

அவர்களையே உதாரணம் சொல்லச் சொன்னேன். கொட்டிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் ரெண்டு பிடிஎஃப்பை மெர்ஜ் பண்ணுவார்கள். அம்மாவின் பேங்க் வேறொரு பேங்கோடு மெர்ஜ் ஆகிவிட்டது, பழைய போர்டையே காணோம். ஜாக்கெட் துணியும் புடவையும் நல்லா மெர்ஜ் ஆகுது என்று தையல் கடை அக்கா சொல்வார்.

எல்லாமே சரியான உதாரணம்தான். ஆனால் எல்லாம் ஒன்றில்லை. பிடிஎஃப்பில் இரண்டின் பக்கங்களும் அப்படியே இருக்கும். பேங்கில் ஒன்றின் பெயர் அழிந்துபோகும். இங்கிலீஷில் இதைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தில் வரும் சின்னச் சொல். ‘வித்’ என்று வந்தால் ஒன்றோடு ஒன்று சேர்வது. ‘இன்டூ’ என்று வந்தால் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுவது. போனது வெளியே தெரியாது. தமிழிலும் இதே கதைதான். ‘உடன்’ வேறு, ‘உள்’ வேறு.

ஐயர் அவசரமாகப் படித்த தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டுமே இல்லை. சேர வேண்டும் என்று மட்டும் இருந்தது. எப்படிச் சேர்வது என்பதை ஊரே தீர்மானித்து எழுதி அனுப்ப வேண்டும்.

அன்றைக்குக் கோயிலில் இவ்வளவும் விளக்க முடியாது. “சேர்றதுதான் சித்தப்பா. ஆனா எப்படிச் சேர்றோம்னு நாமதான் சொல்லணும்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சித்தியின் பட்டன்

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ரூத் சித்தி சுறாப்புட்டு செய்திருந்தார். சித்தப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்திதான் கேட்டார்.

“என்னமோ மெர்ஜ்ஜுன்னு பேசிக்கிட்டாங்களே, போன்ல இருக்குமே, அந்த மெர்ஜ்ஜா?”

சித்தியின் இரண்டு பெண்களும் வெளியூரில். ஒருத்தி சென்னையில் நர்ஸ், இன்னொருத்தி திருப்பூரில். ஒருத்தியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தியைக் கூப்பிட்டு, அந்தப் பட்டனை அமுக்கிவிட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். பெரிய மகள்தான் பழக்கிவிட்டிருந்தாள். சித்தி தினமும் சாயங்காலம் அதைச் செய்வார்.

“அதேதான் சித்தி.”

“நல்ல பட்டனாச்சே அது. அதுக்கா இவரு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு?”

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் சித்தப்பா.

“எனக்கு என்ன தெரியாது? புதன்கிழமையானா நான் ரோட்டுக் கோயில் கிரேஸக்கா வீட்டுலதானே இருக்கேன்? ஒண்ணா உக்காந்து ஜெபம் பண்றோம், ஒரே டம்ளர்ல காப்பி குடிக்கிறோம். உங்க ஆம்பளைங்களுக்குத்தான் தாளு வேணும், தீர்மானம் வேணும்.”

இது உண்மை. ஒரு புயல் வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் வைத்து ஊருக்கே சோறு பொங்கியபோது, இரண்டு கோயில் பெண்களும் ஒரே அடுப்பில் வேலை செய்தார்கள். புயல் போன பிறகும் அவர்கள் பிரியவில்லை. புதன்கிழமை பெண்கள் சங்கம் இரண்டு தெருவுக்கும் பொதுவாகிவிட்டது. யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

பேராவூரணி மாப்பிள்ளை

என் கல்யாணக் கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பலர், கடைசியில் யார் யாருடைய சபைக்குப் போனீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணி பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. கத்தோலிக்கர். நன்னிலத்தில் டிராக்டர் மெக்கானிக் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணப் பேச்சில் நகை, சீர் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. யார் மாறுவது என்பதில்தான் நின்றது. இரண்டு வீட்டிலும் நாள்கணக்கில் பேசினார்கள்.

கடைசியில் அந்தோணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அவங்க அவங்க கோயிலுக்குப் போகட்டும், நான் என் கோயிலுக்குப் போறேன். மத்தியானம் ஒரே எலையில சாப்பிட்டுக்கிறோம்.”

இன்று வரை அப்படித்தான். அவர் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றுவார். நான் ஞானப்பாட்டு பாடுவேன். பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு இடத்திலும் கேக் வாங்கித் தின்று வளர்ந்தார்கள். யாரும் யாருக்குள்ளும் கரைந்து போகாமலேயே சேர்ந்து வாழ முடியும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஊர்க் கூட்டத்தில் எனக்குத் தயக்கமே வரவில்லை.

‘க்குள்’ என்ன, ‘உடன்’ என்ன?

கூட்டம் ஐப்பசியில், ரோட்டுக் கோயில் மண்டபத்தில் நடந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் தனித்தனியாக நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரோட்டுக் கோயில் செயலாளர் சாமுவேல் சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எனக்கு எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் நடத்தியவர் அவர்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற பேச்சு. தீர்மானத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதலில் இங்கிலீஷில் வாசித்தார். ‘மெர்ஜ்ட் இன்டூ’. பிறகு தமிழில்: “வாய்க்கால் கோயில் சபையானது ரோட்டுக் கோயில் சபைக்குள் இணைக்கப்படுகிறது.”

நான் எழுந்தேன்.

“சார், ஒரு சின்ன திருத்தம். ‘சபைக்குள்’ வேண்டாம். ‘சபையுடன்’னு போடுங்க.”

“ரெண்டும் ஒரே அர்த்தம்தானே டீச்சர்?”

“ஒரே அர்த்தம்னா மாத்தறதுல கஷ்டமே இருக்காதே சார்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“இந்தக் கோயிலுக்குன்னு ஒரு பேரு இருக்கு. அந்தக் காலத்துலேருந்து இருக்கற பேரு. அதை விட முடியுமா?” என்றார்.

“எங்க கோயிலுக்கும் இருக்கு சார். நீங்க எழுதியிருக்கறதுல அது ஒரே வரியில போயிடுது.”

சித்தப்பா உட்கார்ந்தபடியே கேட்டார். “அங்க வந்தா எங்களுக்கு எடம் எங்க சார்? பழைய எடந்தானா?”

சாமுவேல் சாரின் காது மடல்கள் சிவந்தன. “அந்தக் காலத்துப் பேச்சை இப்ப எதுக்கு எடுக்கறீங்க?” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். ஐயர் கையை உயர்த்தி ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் சித்தப்பா சொன்னார். “எஸ்தரு, நீ சரியாத்தான் பேசுன. ஆனா ஒரு வார்த்தைய மாத்திட்டா மனசு மாறிடுமா?”

“மனசு மாறலைன்னாலும் வார்த்தை மாறட்டும் சித்தப்பா. நாளைக்கு நம்ம புள்ளைங்க படிக்கப்போறது அதைத்தானே?”

அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அது அவருடைய சம்மதம்.

கார்த்திகை மழை

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நடவு முடிந்த வயல்கள் மூழ்கி, ஊர் முழுக்கத் தண்ணீர் மின்னியது. ஒரு விடிகாலையில் டீ போட எழுந்த ரூத் சித்தி அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போனபோது சித்தப்பா சித்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சித்தியின் நெற்றியில் விழுந்த மயிரை விரலால் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் பாத்திரம் அப்படியே இருந்தது.

சித்தியின் பெண்கள் இரண்டு பேரும் செய்தி கேட்டுக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அடக்கம் என்று முடிவாயிற்று. குளிர்பெட்டியை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்த அந்தோணி, அப்படியே எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு.

“இடுப்பளவு தண்ணி நிக்குது. மேடா இருக்கற மூலையில வெட்டிப் பாத்தேன். ரெண்டு வெட்டுக்கே ஊத்து வந்துருச்சு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

சொன்னது சித்தப்பாவின் காதில் விழுந்துவிட்டது. தண்ணீருக்குள் சித்தியை எப்படி வைப்பது? அந்த நினைப்பே அவர் முகத்தைக் கோணச் செய்தது.

சாலையோரக் கல்லறைத் தோட்டம் மேட்டு நிலம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. ஐயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அங்க கேட்டுப் பாக்கலாம். ஆனா உறுப்பினர்களுக்கு மட்டும்னு விதி இருக்கு. செயலாளர் சம்மதிக்கணும்.”

“நான் போய்க் கேக்கறேன்” என்றேன்.

சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கேளு. ஆனா கூட்டத்துப் பேச்சை எடுக்காத. அவளை முன்னாடி வெச்சுக்கிட்டு யாரும் எதையும் பேரம் பேசக் கூடாது. நீயும் பேசக் கூடாது.”

கிரேஸ் அம்மா

சாமுவேல் சார் வீட்டுப் போர்டிகோவில் குடையை மடக்கி வைத்துவிட்டு நின்றேன். சார் எழுந்து வந்தார். செய்தியைச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கல்லறைக்கு இடம் கேட்டேன்.

“விதின்னு ஒண்ணு இருக்கே எஸ்தர். அன்னைக்கே தீர்மானம் நிறைவேறியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் எழுதின வாசகத்துக்கே உங்க பக்கம் சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நான் மத்தவங்க கிட்டப் பேசிடுவேன்.”

குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

“சார், நான் எங்க சித்திக்கு இடம் கேட்டு வந்திருக்கேன். வாசகம் பேச வரலை.”

உள்ளேயிருந்து கிரேஸ் அம்மா வந்தார், சாரின் மனைவி. மாவு பிசைந்துகொண்டிருந்த கை.

“யாருக்கு இடம்? எஸ்தரு, யாருக்கு?”

சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். “புதன்கிழமை இங்கதானே இருந்தா. முருங்கைக்கீரை உருவிக் குடுத்துட்டுப் போனாளே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

“என்ன விதி சொன்னீங்க?”

“உறுப்பினர்களுக்குத்தான்னு...”

“ரூத்து எங்க சங்கத்துல உறுப்பினர். எத்தனையோ வருஷமா. இந்த வீட்டுக் கூடத்துல பாய் விரிச்சு உக்காந்தவ. அவ உறுப்பினர் இல்லன்னா நானும் இல்ல.”

“கிரேஸு, நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. கமிட்டி...”

“கமிட்டியைக் கூப்பிட வேணாம். எங்கம்மா பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கீங்கல்ல? அது என் எடம். அதுல ரூத்தை வைங்க. என் எடத்தை நான் யாருக்குக் குடுத்தா யாரு கேக்கறது?”

“அப்புறம் உனக்கு?”

“எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு என்ன இப்ப அவசரம்?”

பள்ளிக்கூடத்தில் சாமுவேல் சாரை எதிர்த்து ஒருவரும் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் கோபம் இல்லை. தான் சற்று முன் சொன்னதைத் தானே மறுபடி கேட்டுப் பார்ப்பவர் போல இருந்தது. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு வந்தார்.

“வா எஸ்தர். குழி எந்தப் பக்கம் வெட்டணும்னு ஆளுங்களுக்குக் காட்டணும். நான் வரேன்.”

மறுநாள் சித்தியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தபோது ரோட்டுக் கோயில் மணி அடித்தது. விட்டு விட்டு அடிக்கிற துக்க மணி. எங்கள் தெருவில் ஒருவருக்காக அது அடித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. பாடையைத் தூக்கியவர்களின் நடை ஒரு கணம் தடுமாறியது. சித்தப்பா நின்று கோயில் கோபுரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அழுதார்.

தை மாதக் கூட்டம்

அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கிய தை மாதத்தில் மறுபடியும் கூடினோம். சாமுவேல் சார் எழுந்து புதிய தாளை வாசித்தார்.

“வாய்க்கால் கோயில் சபையும் ரோட்டுக் கோயில் சபையும் ஒன்றுடன் ஒன்று இணைந்து, ஒரே சபையாகின்றன.”

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “திருத்தம் ஏதாவது உண்டா டீச்சர்?”

“ஒண்ணு இருக்கு சார்.”

சித்தப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே, போதும் உட்கார் என்றார். நான் உட்காரவில்லை.

“ஒரு ஞாயிறு இங்க ஆராதனை, அடுத்த ஞாயிறு அங்கன்னு அதையும் இதுலயே எழுதிடுங்க. கல்லறைத் தோட்டம் ரெண்டும் எல்லாருக்கும் பொதுன்னும் எழுதிடுங்க. எழுதலைன்னா அடுத்த வருஷம் மறந்துடுவோம்.”

ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. தகரக் கூரைக்குக் கீழே வந்து உட்கார முடியாது என்றார்கள் சிலர். மின்விசிறி போட்டால் உட்காரலாம் என்றார்கள் சிலர். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். நிறைவேறியது. சாமுவேல் சாரின் கையும் உயர்ந்தது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுதினால் பொய். ரோட்டுக் கோயிலில் சில குடும்பங்கள் அன்றிலிருந்து டவுன் கோயிலுக்குப் போகிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு பெரியவர் இன்னும் ரோட்டுக் கோயில் வாசற்படி மிதிக்கவில்லை. அவருக்கு அவர் நியாயம். வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

தீர்மானத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்பும் வேலை எனக்கு வந்தது. ‘மெர்ஜ்’ஜையே எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் சமமாக நின்று ஒன்றாவதற்கு இங்கிலீஷில் வேறொரு சொல் இருக்கிறது. ‘யுனைட்’. அதைப் போட்டேன்.

அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். “மேடம், எங்க ஃபார்மேட்ல ‘மெர்ஜ்ட் இன்டூ’ன்னுதான் வரும். எதுக்குள்ள எதுன்னு சொன்னீங்கன்னா நானே மாத்திப் போட்டுக்கறேன்.”

“எதுக்குள்ளயும் எதுவும் போகலை தம்பி. ரெண்டும் சேர்ந்திருக்கு. ஃபார்மேட்டை மாத்திக்குங்க.”

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “சரிங்க மேடம், மாத்திட்டேன்” என்றார். அவ்வளவுதான் வேலை.

ஈஸ்டருக்கு முந்திய நாள்

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும். அதற்காக முந்திய நாளே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அந்த வருஷம் நான் போனபோது சித்தப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார். பனியனோடு, வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டு, சித்தியின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கமும் மேல்பக்கமும் அடித்து முடித்தார். பின்பக்கம் பாக்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கல்லறைக்கு வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு போனார். அது கிரேஸ் அம்மாவின் தாயாருடையது. பாசி பிடித்துக் கறுத்திருந்தது. பாசியைச் சுரண்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேசி, இத்தனை வாங்கி, கடைசியில் எங்கள் ஆள் அவர்கள் கல்லறைக்கு வேலை செய்ய வேண்டுமா? சொல்லலாம் என்று வாயெடுத்தபோது சாமுவேல் சார் உள்ளே வந்தார். பின்னால் வெள்ளையடிக்க ஓர் ஆளும் வாளியும்.

சார் பார்த்த உடனே பதறினார்.

“தேவசகாயம், என்ன இது? நீங்க எதுக்கு இதைச் செய்யறீங்க? நான் ஆள் கூட்டிட்டு வந்திருக்கேனே.”

சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார்.

“பக்கத்து வீடு சார்” என்றார்.

சாமுவேல் சார் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். கூட்டி வந்த ஆளிடமிருந்து மட்டையை வாங்கினார். சித்தியின் கல்லறையைச் சுற்றிக்கொண்டு போய், அடிக்காமல் விட்டிருந்த பின்பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

அவருக்கு வெள்ளையடிக்கத் தெரியவில்லை. சுண்ணாம்பு சட்டையெல்லாம் தெறித்தது.

“உங்க சுண்ணாம்பு தண்ணியா இருக்கு சார். அதை விட்டுட்டு என் வாளியிலேருந்து எடுங்க” என்றார் சித்தப்பா.